பிள்ளைகள் தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் கவுண்டர்: பள்ளிக் கேன்டீனுக்கு வாங்கலாமா?

பள்ளிச் சாப்பாடு பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது மெனு, அடுத்தது சமையல்காரர். அடுப்பிலிருந்து இறக்கும்போது பச்சைப் பசேலென்று இருந்த பீன்ஸ் நாற்பது நிமிடம் கழித்துத் தட்டில் விழும்போது காக்கி நிறத்தில் துவண்டு கிடக்கிறது. மொறுமொறுவென்று வந்த உருளைக்கிழங்கு வியர்த்துப் போயிருக்கிறது. அந்த நாற்பது நிமிடம் சாப்பாடு எங்கே, எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டைத் தாங்கிப் பிடிக்கவும், பிள்ளைகள் தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளவும் என்று விற்கப்படும் சுயபரிமாறல் கவுண்டர்களை அந்தக் கேள்வியோடுதான் இங்கே மதிப்பிடுகிறோம். எந்தக் கம்பெனியுடையது என்பதைவிட எந்த வகை என்பதே முக்கியம். ஒரே வகைக்குள் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் அதிகம் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாங்கலாம். பதின்பருவத்தினருக்குக் கட்டாயம் வாங்கலாம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பணத்தை வேறு வழியில் செலவழிப்பது மேல். எல்லோரும் முதலில் கேட்கும் பெரிய, ஒரே அச்சில் வார்த்த, முழுக்க வெந்நீர் வகையான கவுண்டரை யாருக்குமே பரிந்துரைக்க மாட்டோம்.

இந்தக் கவுண்டரில் இரண்டு பகுதிகள் உண்டு. சூடான பகுதி கேட்டரிங்காரர்கள் பேன் மேரி என்று சொல்லும் சங்கதி: ஒரு தொட்டி, அதில் தொங்கும் ஸ்டீல் பாத்திரங்கள். தொட்டியில் வெந்நீர் இருந்தால் ஈர வகை, ஹீட்டரும் சூடான காற்றும் மட்டும் என்றால் உலர் வகை. குளிர் பகுதியில் பழம், பச்சைக் காய்கறி, தயிர். மேலே ஒரு கண்ணாடித் தடுப்பு, முன்னால் டிரே நகர்த்த ஒரு தண்டவாளம். சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும் குளிர்ந்ததை 5 டிகிரிக்குக் கீழும் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கவுண்டரின் முதல் வேலை இது.

வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறும் இங்கேதான். இந்தச் சாதனம் சூட்டைக் காக்கும், சூடேற்றாது. ஆறிப்போன சாதத்தை இதில் வைத்தால் 60-ஐத் தொடுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், அதற்குள் கிருமிக்கு நல்ல வேட்டை. ஆகவே உணவு கவுண்டருக்கு வரும்போதே 75 டிகிரியாவது இருக்க வேண்டும். தொட்டியையும் அரை மணி நேரம் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். காலிப் பாத்திரங்களை மூடியோடு வைத்துச் சூடேற்றுவது முக்கியம். குளிர்ந்த ஸ்டீலில் கொட்டிய சூடான உணவு ஓரங்களில் உடனே சூட்டை இழக்கிறது. ஈர வகையில் பாதி நேரத்தில் தண்ணீர் வற்றிவிட்டால் சூடு சீராக ஏறாது; ஒரு பாத்திரம் அடிப்பிடிக்கும், பக்கத்தில் இருப்பது வெதுவெதுப்பாகிவிடும். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கோடு இல்லாத மாடலை ஒதுக்கிவிடுங்கள்.

பாத்திரத்தின் ஆழத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ருசியைத் தீர்மானிப்பதில் இதற்குப் பங்கு அதிகம், பேசுபவர்கள் குறைவு. ஜிஎன் என்ற பொது அளவில் முழுப் பாத்திரம் 530-க்கு 325 மில்லிமீட்டர். ஆழம் 65, 100, 150 என்று கிடைக்கும். விற்பவர்கள் 150-ஐத்தான் கையில் திணிப்பார்கள், ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்பார்கள். கொட்டலாம்தான். ஆனால் அடியில் இருக்கும் காய்கறி மேலே இருப்பதன் எடையில் நசுங்கும், தன் ஆவியிலேயே மேலும் வேகும், மேல்பரப்போ காய்ந்து ஆறும். குழம்பு, சாஸ், சூப் இவற்றுக்கு 100 மி.மீ. சரி. மற்ற எல்லாவற்றுக்கும் 65 போதும். முழு அளவுக்குப் பதில் அரை அளவுப் பாத்திரங்களை (325-க்கு 265) வாங்கி இரண்டு மூன்று தடவை மாற்றினால் இன்னும் நல்லது. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது: பெரிய பாத்திரமாக இருந்தால் வரிசையின் கடைசியில் வரும் பிள்ளைக்கு ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டியதுதான் கிடைக்கும். சின்னப் பாத்திரத்தை அடிக்கடி மாற்றினால் கடைசிப் பிள்ளையும் நிரம்பிய பாத்திரத்தைப் பார்க்கும். சாப்பாட்டின் மேல் ஆசை வருவது பெரும்பாலும் அந்தப் பார்வையில்தான்.

இனி ஒவ்வொரு பண்டமும் இதில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கலாம்.

பச்சைக் காய்கறிதான் மிகவும் மோசம். சூடும், காயிலிருந்தே வெளிவரும் அமிலமும் சேர்ந்து பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தைப் பிடுங்கிவிடுகின்றன. பச்சை போய் மங்கிய ஆலிவ் நிறம் வருகிறது. மூடி போட்டால் அமிலம் வெளியேற வழியின்றி இது இன்னும் வேகமாக நடக்கும். முட்டைக்கோஸ், பிரக்கோலி வகைகள் கூடுதலாக வெந்தால் கந்தக வாடையும் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகள் மூக்கைப் பொத்துவது வீம்பினால் இல்லை, அந்த வாடை உண்மையிலேயே இருக்கிறது. இதற்கு எந்தக் கவுண்டரிலும் மருந்து கிடையாது. முக்கால் பதத்தில் இறக்கி, பதினைந்து நிமிடத்துக்குப் போதுமான அளவு மட்டும் வெளியே அனுப்பி, அது தீரும்போது அடுத்த ஈட்டை வேகவைப்பது ஒன்றே வழி. சிலர் நிறத்துக்காகச் சமையல் சோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும், காய் கூழாகும், வைட்டமின் சியும் தயாமினும் அழியும்.

மொறுமொறுப்பான எதையும் ஈர வகைத் தொட்டியில், அதுவும் மூடி போட்டு வைத்தால் மூடியில் படியும் ஆவி சொட்டுச் சொட்டாக அதன் மேலேயே விழும். அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு பத்து நிமிடத்தில் ரப்பராகிவிடும். உலர் வகையில், துளையிட்ட உள்தட்டு வைத்து, மூடாமல், இரண்டு அடுக்குக்கு மேல் குவிக்காமல் இருந்தால் இருபது நிமிடம் தாங்கும். அதற்கு மேல் தாங்கும் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம். மேலே தொங்கும் சூட்டு விளக்குகள் மேல்தோலைக் காயவைக்குமே ஒழிய மொறுமொறுப்பைக் காக்காது.

சாதத்துக்கும் பாஸ்தாவுக்கும் பிரச்சினை வேறு. பாஸ்தாவைச் சாஸில் கலந்து வைத்தால் சாஸை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு உப்பிப்போகும். இரண்டு நிமிடம் முன்னதாக வடித்து, எண்ணெய் தடவி ஒரு பாத்திரத்திலும், சாஸை 100 மி.மீ. பாத்திரத்தில் தனியாகவும் வையுங்கள். சாஸ் பிடிக்காத பிள்ளை வெறும் பாஸ்தாவை எடுத்துக்கொள்ள அது வழி விடுகிறது என்பது கூடுதல் லாபம். சாதம் ஈர வகையில், மூடிய நிலையில்தான் நன்றாக இருக்கும். திறந்து வைத்தால் மேல்புறம் விறைத்துவிடும். சாதம் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் 60-க்குக் கீழே போகக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகும்போது சாவதில்லை. சாதம் மெல்ல ஆறும்போது பெருகி உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஆக, சாதத்துக்கும் குழம்புக்கும் ஈரம், மற்றவற்றுக்கு உலர். பாதிக்குப் பாதி கலந்த கவுண்டரை, அல்லது பாத்திரம் தொங்கும் ஒவ்வொரு குழியிலும் தனி ரெகுலேட்டர் உள்ள மாடலை வாங்கச் சொல்வது இதனால்தான். ஒரே குமிழில் நான்கு குழியும் இயங்கும் மாடல் விலை குறைவு, ஆனால் வீண்.

குளிர் பகுதியில் ஏமாறும் இடம் ஒன்றே ஒன்று: குவிப்பது. பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கும் பழக்குவியல் குளிர்காற்றுக்கு வெளியே இருக்கிறது. அது அறையின் சூட்டில்தான் இருக்கும். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். வைக்கும்போதே பண்டம் குளிர்ந்திருக்க வேண்டும். பழத்தை நறுக்கித்தான் வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. முன்பல் விழுந்த ஏழு வயதுப் பிள்ளையும் பல்லுக்குக் கம்பி போட்ட பதிநான்கு வயதுப் பிள்ளையும் முழு ஆப்பிளைக் கடிக்க முடியாது. ஒரு கடி கடித்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். நறுக்கிய ஆப்பிள் கறுக்காமல் இருக்க ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்தால் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தாங்கும். ஆரஞ்சைத் தோலோடு எட்டுத் துண்டாக்கினால் போதும்.

உயரம். பெரியவர்களுக்கான கவுண்டர் 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட நெஞ்சு உயரம். பின்வரிசைப் பாத்திரம் கண்ணுக்கே தெரியாது, கை நீட்டினால் சட்டை சூடான விளிம்பில் உரசும். சின்னப் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் 70 சென்டிமீட்டர் உயரத்தில், ஒற்றை வரிசைப் பாத்திரத்தோடு வாங்க வேண்டும். முன்னால் பலகை போட்டு ஏறச் சொல்வது ஆபத்து. டிரேயைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது தடுக்கும். கண்ணாடித் தடுப்பு மேலே மட்டும் இருந்தால் குட்டையான பிள்ளை அதன் கீழேதான் தும்மும். தடுப்பின் உயரத்தை மாற்றும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

கரண்டிகளைக் கவுண்டரோடு வருவதிலேயே விட்டுவிடாதீர்கள். முப்பது சென்டிமீட்டர் இடுக்கி சின்னக் கைக்கு அடங்காது. 18 சென்டிமீட்டர் போதும். பட்டாணி, மக்காச்சோளம் போன்ற உருளும் பண்டத்துக்கு இடுக்கி வைத்தால் பாதி தரையில் கிடக்கும், வரிசையும் நிற்கும். 60 மில்லி ஸ்கூப் காய்கறிக்கும், 120 மில்லி ஸ்கூப் சாதத்துக்கும் வைத்தால் அளவு தானாகவே ஒழுங்குக்கு வரும். கூடவே ஒரு குட்டிக் கரண்டி, 15 கிராம் மட்டும் வரும்படி, புதுப் பண்டத்தின் பக்கத்தில் இருக்கட்டும். புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது சின்ன வயதுக்கு இயல்பு. பத்துப் பதினைந்து தடவை பார்த்து, முகர்ந்து, நுனிநாக்கில் வைத்த பிறகுதான் பலருக்கும் அது பழகுகிறது. தட்டில் 100 கிராம் விழுந்தால் அது பயம். ஒரு வாய் அளவு விழுந்தால் அது பரீட்சை. சுயபரிமாறலின் உண்மையான பலம் இந்தச் சின்ன அளவில்தான் இருக்கிறது.

அதன் பலவீனமும் வெளிப்படை: விட்டால் பிடித்ததை மட்டும் எடுப்பார்கள். இதைக் கண்டிப்பால் சரிசெய்ய முடியாது, வரிசைமுறையால் ஓரளவு முடியும். பசி உச்சத்தில் இருக்கும்போது கண்ணில் முதலில் படுவது காய்கறியாக இருக்கட்டும். டிரே காலியாக இருக்கும் அந்தக் கணத்தில் எடுப்பது எளிது. பிடித்தமான பண்டம் கடைசியில். 1948 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு தரும் பின்லாந்துப் பள்ளிகளில் அன்றைய சாப்பாட்டை ஒரு மாதிரித் தட்டில் அடுக்கி வரிசையின் தொடக்கத்தில் வைக்கும் வழக்கம் உண்டு: பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு மாவுச்சத்து, கால் பங்கு புரதம். செலவே இல்லாத ஏற்பாடு. கவுண்டர் வாங்குகிறவர்கள் அந்தத் தட்டுக்கு ஓர் இடம் ஒதுக்கிக்கொள்ளட்டும்.

கவுண்டரோடு சேர்த்துக் கார்ட்டூன் ஸ்டிக்கர், பொம்மைப் படம் என்று ஒரு அலங்காரப் பொட்டலமும் விற்கப்படுகிறது. ஆப்பிளில் பொம்மை ஸ்டிக்கர் ஒட்டினால் பிள்ளைகள் அதிகம் எடுப்பார்கள் என்று 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வுக் கட்டுரை 2017-இல் திரும்பப் பெறப்பட்டது. எட்டு முதல் பதினோரு வயதுப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தது, உண்மையில் பங்கேற்றவர்கள் மூன்று முதல் ஐந்து வயதினர். அந்தப் பணத்தில் நல்ல பல்புகள் வாங்குங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் அளவை, சிஆர்ஐ, 90-க்கு மேல் உள்ள விளக்கின் கீழ் தக்காளி சிவப்பாகத் தெரியும். மட்டமான வெள்ளை விளக்கில் எல்லாமே சாம்பல்தான்.

பதின்பருவத்தினருக்கு

இவர்களுக்குப் பிரச்சினை ருசியோடு நிற்பதில்லை. அறை பிரித்த டிரேயைக் கையில் கொடுத்தாலே அது சின்னப் பிள்ளைகளின் பாத்திரம் என்று முகம் சுளிப்பார்கள். அறைத் தட்டு சின்ன வயதுக்கு நல்லது, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும்; பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒற்றைக் கிண்ணம்தான் எடுபடுகிறது. 800 மில்லி கிண்ணம் ஒன்று, அதில் வேகவைத்த சாதமோ பாஸ்தாவோ 200 கிராம், முட்டை, பயறு, கோழி என்று ஏதாவது புரதம் 100 கிராம், காய்கறி 100 கிராம், மேலே சாஸ் 30 மில்லி. கவுண்டரின் குழிகளையும் அதே வரிசையில் அடுக்க வேண்டும். புரதத்தை மட்டும் பணியாளர் போடட்டும். இல்லையென்றால் முதல் நாற்பது பேரோடு அது தீர்ந்துவிடும், பின்னால் வருபவர்களுக்கு மனக்கசப்பு மிஞ்சும்.

சாஸ் பம்பில் கவனம் தேவை. பல பம்புகள் ஒரு அழுத்தலுக்கு 30 மில்லி தள்ளும். சாதாரண சோயா சாஸ் 30 மில்லியில் ஏறக்குறைய 4.5 கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவைக் குறைக்கும் வளையம் தனியாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். சாஸையும் சமையலறையிலேயே தயாரித்தால் தக்காளி, தயிர், எலுமிச்சை, மிளகு, பூண்டு என்று உப்புக் குறைவாகவே காரமும் புளிப்பும் கொண்டுவரலாம்.

பெயர்ப் பலகையில் "ஆரோக்கியமானது", "கொழுப்புக் குறைந்தது" என்று எழுதாதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக உணவகம் ஒன்றில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஒரே காய்கறிக்குச் சுவையைத் தூண்டும் பெயர் வைத்தபோது, வெறும் பெயர் வைத்த நாட்களைவிட 25 சதவீதம் அதிகம் பேரும், எதை நீக்கியது என்று ஆரோக்கியம் பேசிய நாட்களைவிட 41 சதவீதம் அதிகம் பேரும் எடுத்தார்கள். "பூண்டு வதக்கிய மொறு பீன்ஸ்" என்று எழுதினால் அது மொறுவாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு தடவை ஏமாந்த பதினைந்து வயதுப் பிள்ளை அடுத்த தடவை பலகையையே படிக்காது.

வரிசை நீளம் இவர்களை விரட்டும் அடுத்த காரணம். கணக்கு எளிது: ஒருவர் பத்து விநாடி நின்றால் நிமிடத்துக்கு ஆறு பேர், 120 பேர் கடக்க இருபது நிமிடம். இருபுறமும் எடுக்கும் கவுண்டர் என்றால் பத்து நிமிடம். ஒரு பக்கம் சுவரில் ஒட்டி வைப்பதற்கு முன் இதை யோசியுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள், இருபத்தைந்து நிமிடமாவது கிடைத்தவர்களைவிட முக்கிய உணவில் 13 சதவீதமும் காய்கறியில் 12 சதவீதமும் குறைவாகச் சாப்பிட்டார்கள். கவுண்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வரிசை தின்னும் நேரத்தை அது திருப்பித் தராது.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கவுண்டர் ஒத்துவராது என்பதே நேர்மையான பதில். ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றுக்குள் போவதை எவ்வளவு காவல் காத்தாலும் தடுக்க முடியாது. அவர்களுக்குச் சமையலறையிலிருந்தே தனியாக, வரிசை தொடங்குமுன், பெயர் எழுதிய மூடிய பாத்திரத்தில் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கும் கடலை, எள், முட்டை சேர்ந்தவற்றை வரிசையின் கடைசியில் வைத்தால் சொட்டுவது மற்றவற்றின் மேல் விழாது.

ஏழு எட்டு வயதுக்குக் கீழே என்றால் மேசைக்கே கிண்ணம் கொண்டுபோவது கவுண்டரைவிட நன்றாக வேலை செய்கிறது. எட்டுப் பேருக்கு ஒரு மேசை, நடுவில் மூடிய கிண்ணங்கள், கூட ஒரு பெரியவர். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளே முறைவைத்து, வெள்ளை அங்கியும் முகக்கவசமும் அணிந்து வகுப்பறையில் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். சக பிள்ளை போடும் காயை வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு சீக்கிரம் வாய் வராது. இதற்குத் தேவை கனமான மூடி உள்ள பாத்திரங்களும் சூடு காக்கும் பெட்டிகளும் மட்டுமே. பெட்டியைப் பாதி நிரப்பினால் உணவு சீக்கிரம் ஆறும், அதனால் சிறிய பெட்டிகளாக வாங்கி முழுக்க நிரப்புங்கள்.

பராமரிப்பில் தொல்லை தருவது ஈர வகைதான். உப்புநீர் உள்ள இடத்தில் தொட்டியின் அடியிலும் ஹீட்டரிலும் சுண்ணாம்பு படிந்து சூடேறும் நேரம் கூடிக்கொண்டே போகும். தினமும் தண்ணீரை வடித்து, வாரம் ஒரு தடவை சிட்ரிக் அமிலக் கரைசல் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். வடிகுழாய் இல்லாத மாடலில் இரவு முழுக்கத் தண்ணீரை விட்டுவைப்பார்கள், மறுநாள் வாடை வரும். உலர் வகையில் துடைத்தால் முடிந்தது.

வாங்கியது பலன் தருகிறதா என்பதைப் பாராட்டுகளை வைத்து முடிவு செய்யாமல் குப்பையை நிறுத்துப் பாருங்கள். கவுண்டர் வருமுன் ஐந்து நாள், வந்து ஒரு மாதம் கழித்து அதே மெனுவில் ஐந்து நாள். காய்கறி, மாவுச்சத்து, புரதம் என்று மூன்று வாளி வைத்து, மிச்சத்தைப் பிள்ளைகளையே தட்டிப் போடச் சொல்லுங்கள். 100 பேருக்கு ஆளுக்கு 60 கிராம் காரட் போட்டு வாளியில் 2.4 கிலோ விழுந்தால் 40 சதவீதம் வீண். கவுண்டரில் எடுக்கப்படாமல் தங்கியதை இதோடு கூட்டக் கூடாது, தனியாக எழுதுங்கள். தட்டில் மிஞ்சினால் ருசியையோ அளவையோ பாருங்கள். பாத்திரத்திலேயே தங்கினால் தோற்றத்தையும் வைத்த இடத்தையும்.

சரக்கு வந்து இறங்கிய அன்றே, கையெழுத்துப் போடுமுன், எல்லாக் குழியிலும் பாத்திரத்தில் 75 டிகிரித் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் நடுவிலும் மூலையிலும் குத்துத் தெர்மாமீட்டர் வையுங்கள். ஏதாவது ஒரு மூலை 63-க்குக் கீழே காட்டினால் அந்த யூனிட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.